கண்மட்டம்

ஆட்டம் நடத்துகிறவர் எழுந்து நின்றால் ஆட்டக்காரர்கள் அவரைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவர் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில், ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்குகிறார்கள். இந்தியானாபொலிஸில் ஒரு விளையாட்டுக் கடையின் பின்னறையில் பல வருடங்களாக வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆட்டம் நடத்தியதில் எனக்குக் கிடைத்தவற்றுள் மிகவும் பயன்பட்டது இதுதான். விதிகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். குரலை மாற்றிப் பேசுவதைப் பிறரைக் கேட்டுப் பழகலாம். இதை மட்டும் மேசையோடு இருந்துதான் தெரிந்துகொள்ள முடிந்தது.

எந்த ஆட்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகையிலான ரோல்பிளேயிங் ஆட்டங்கள். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்: வாள் வீசுகிறவள், மந்திரம் தெரிந்தவன், பூட்டுத் திறக்கிறவன் என்று. ஒருவர் மட்டும் மீதி உலகம் முழுவதையும் எடுத்துக்கொள்வார். ஊர், காடு, மழை, சத்திரக்காரர், கொள்ளைக்கூட்டம், குகைக்குள் படுத்திருக்கும் டிராகன் எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர், ஜி.எம். என்றே சொல்வோம். “கதவுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?” என்று ஜி.எம். கேட்பார். ஆட்டக்காரர்கள் சொல்லும் பதிலில்தான் கதை நகரும். பதில் பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். இப்படி மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் போகும். எனக்குப் பகலில் வேறு வேலை உண்டு. கடைக்காரர் மேசைக் கட்டணத்தில் எனக்கு ஒரு பங்கு தருகிறார் என்பதால் இதையும் ஒரு தொழிலாகவே மதித்துச் செய்கிறேன்.

ஒரு செஷன் நன்றாகப் போனதா என்று பார்க்க எனக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: நான் வாயைத் திறக்காமலேயே ஆட்டம் நகர்ந்த நேரம் எவ்வளவு? படகுக்காரனை நம்பலாமா, பாலத்தைக் கொளுத்திவிட்டுப் போகலாமா, கைதியை அவிழ்த்துவிட்டால் நம் பக்கம் நிற்பானா என்று அவர்கள் தங்களுக்குள் வாதாடும் நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் மற்ற எல்லா ஏற்பாடும். அந்த நேரத்தில் நான் தண்ணீர் பாட்டிலை எடுக்க எழுந்தால்கூடப் பேச்சு அறுந்துவிடும். ஆறு தலைகளும் நிமிரும். ஏதோ நடக்கப்போகிறது, ஜி.எம். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருப்பார்கள். நான் பாட்டிலோடு திரும்ப உட்கார்ந்த பிறகும் விட்ட இடத்திலிருந்து அந்தப் பேச்சு தொடராது. அதனால் தண்ணீரை முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

வாக்கியங்களே மாறுவதைக் கவனித்திருக்கிறேன். நின்று நடத்தும் மேசையில் “நான் கதவைத் திறக்கலாமா?” என்ற கேள்விகள் அதிகம் வரும். உட்கார்ந்து நடத்தும் மேசையில் “நீ கதவைத் திற, நான் விளக்கைப் பிடிக்கிறேன்” என்பது வரும். முதலாவது என்னிடம் அனுமதி கேட்பது. இரண்டாவது பக்கத்து நாற்காலிக்காரரோடு போடும் திட்டம். ஒரே ஆறு பேர், ஒரே சாகசம், ஒரே மாலை. நான் எங்கே, எப்படி இருக்கிறேன் என்பது மட்டும்தான் வேறு.

காரணம் ஆழமானதாக இருக்க வேண்டியதில்லை. எந்த நாட்டில் வளர்ந்தவராக இருந்தாலும், எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் மட்டும் நின்றால் அவர் ஆசிரியர், இல்லையென்றால் அதிகாரி என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. கீத் ஜான்ஸ்டன் 1979இல் வெளியிட்ட ‘இம்ப்ரோ’ என்ற புத்தகத்தில், மேடையில் இரண்டு பேருக்கு இடையில் யார் மேலே, யார் கீழே என்பது ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதைப் பற்றி ஒரு பெரிய பகுதி இருக்கிறது. நடிகர்களுக்காக எழுதியது. ஆனால் ஜி.எம். வேலை செய்கிற யாருக்கும் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்வேன்.

நம் ஊரிலும் இந்த வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. ஹரிகதை சொல்கிற பாகவதர் நின்றுகொண்டு, சிப்ளாக்கட்டையைத் தட்டி, அனுமனாகவும் ராவணனாகவும் தானே மாறுவார். உபன்யாசகர் சம்மணமிட்டு உட்கார்ந்து விளக்கம் சொல்வார். ஜி.எம். வேலையில் இரண்டும் கலந்திருப்பதால் உட்கார்வும் நிற்பும் அதற்குள் இடம் கேட்கின்றன. ஆனால் அந்த இரண்டு சபைகளிலும் கேட்பவர்கள் கதையை மாற்றுவதில்லை. என் மேசையில் அவர்கள்தான் மாற்ற வேண்டும். எனக்கு எதிரில் இருப்பது சபை என்று நினைத்துவிட்டால் எழுந்து நிற்கத் தோன்றும். அவர்களும் கதை சொல்கிறவர்கள் என்று நினைத்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இரண்டு வழிகளும் இருக்கின்றன. ஒரு வழி போர் ஆட்டத்திலிருந்து வருகிறது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி கிரீக்ஸ்ஷ்பீல் என்ற ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தருவதற்கான ஆட்டம். பெரிய நில வரைபடத்தின் மேல் படைத் துண்டுகளை நகர்த்துவார்கள். இரண்டு தரப்பும் சொல்லும் ஆணைகளை வாங்கி, பகடை உருட்டி, ஒவ்வொரு தரப்புக்கும் அதன் இடத்திலிருந்து எதைப் பார்க்க முடியுமோ அதை மட்டும் சொல்வதற்கு ஒரு நடுவர் இருப்பார். ஜி.எம்.முக்கு மூதாதை அந்த நடுவர்தான். வரைபடத்தை மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். அந்த வேலையை நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்ய முடியாது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் வீட்டின் அடித்தளத்தில் ஒரு மணல் மேசை இருந்தது. அதன்மேல் சின்னச் சின்னப் போர்வீரர் பொம்மைகளை நிறுத்தி, மத்திய காலச் சண்டைகளை ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்கான விதிகள் ‘செயின்மெயில்’ என்ற பெயரில் 1971இல் வந்தன. மணல் மேசை ஆட்டம் என்றால் சுற்றி நின்று, குனிந்து, கை நீட்டி ஆடுவது.

இன்னொரு வழி மினசோட்டாவிலிருந்து வந்தது. 1969இல் டேவ் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு போர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். படைத் தலைவர்களை மட்டுமல்லாமல், அந்த ஊர்க்காரர்களையும் ஆளுக்கொரு பாத்திரமாகக் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தேடிப்போய்ப் பேசத் தொடங்கினார்கள். சண்டை பின்னுக்குப் போய்விட்டது. அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் அதையே தன் பிளாக்மூர் ஆட்டமாக வளர்த்தார். பிறகு அவரும் கைகாக்ஸும் சேர்ந்ததில் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சில் வந்தது.

அதற்கு முந்தைய சோதனை ஆட்டங்களில் கைகாக்ஸ் எப்படி நடத்தினார் என்பதை அங்கே ஆடியவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். தன் எழுத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்திலிருந்த கோப்பு அலமாரியின் இழுப்பறைகளை வெளியே இழுத்துவிட்டு, அதன் மறைவிலிருந்து நடத்துவாராம். ஆட்டக்காரர்களுக்கு முகம் தெரியாது. இருட்டுக்குள்ளிருந்து வருகிற குரல் மட்டும் கேட்கும். இதை முதலில் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. மணல் மேசைமேல் குனிந்து நிற்கப் பழகிய அதே மனிதர், கதையை நடத்த வேண்டி வந்தபோது, உட்கார்ந்தது மட்டுமல்ல, தன்னைக் கண்ணிலிருந்தே எடுத்துவிட்டிருக்கிறார். கண் பார்க்க எதுவும் இல்லாதபோது அந்த அறையிலிருந்தவர்கள் வேறு யாரைப் பார்த்திருப்பார்கள்? ஒருவரையொருவர்தான்.

அந்த இழுப்பறைகளின் வேலையைப் பின்னால் அட்டைத் திரை எடுத்துக்கொண்டது. இலினாய் மாநிலத்தின் டிகேட்டரிலிருந்து இயங்கிய ஜட்ஜஸ் கில்ட் என்ற நிறுவனம் 1977இல் அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் சொந்த நிறுவனமான டி.எஸ்.ஆர். 1979இல் தன்னுடையதை வெளியிட்டது. ஜி.எம். பக்கம் அட்டவணைகள், ஆட்டக்காரர்கள் பக்கம் படம். குறிப்புகளையும் பகடையையும் மறைத்துக்கொள்ள வசதி. ஆனால் உயரத்தைக் கவனியுங்கள். தாளை நெட்டுவாக்கில் நிறுத்திச் செய்த திரை 11 அங்குலம். மேசையின்மேல் அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், குள்ளமான ஜி.எம்.முக்கு எதிரே இருப்பவரின் நெற்றி மட்டும்தான் தெரியும். நடுவில் விரித்திருக்கும் மேப் தெரியவே தெரியாது. அதனால் எழுந்துவிடுவார்கள். எழுந்த பிறகு உட்கார மாட்டார்கள். பல ஜி.எம்.கள் நின்றுகொண்டே நடத்துவதற்குத் திரைதான் காரணம் என்பது என் அனுபவம். படுக்கைவாட்டில் செய்த திரை எட்டரை அங்குலம்தான் வரும். அந்த இரண்டரை அங்குலத்தில் எதிராளியின் முகம் முழுதாகக் கிடைத்துவிடும். நான் திரையையே நேர் எதிரில் வைப்பதில்லை. இடது கைப்பக்கம் சாய்த்து, குறிப்புகளுக்கு மட்டும் மறைப்பாக வைத்துக்கொள்கிறேன். பகடையை எல்லோர் கண்முன்னாலும் உருட்டுகிறேன்.

அடுத்தது மேசை. எங்கள் கடையில் இருப்பது மடக்கும் பிளாஸ்டிக் மேசை, ஆறடி நீளம், இரண்டரையடி அகலம். புதிதாக நடத்த வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் மேசையின் குறுகிய தலைப்பக்கத்தில் போய் உட்கார்வார்கள். வீட்டில் தலைவரின் இடம் அதுதானே. அங்கிருந்து கடைசி ஆட்டக்காரர் ஆறடி தூரத்தில் இருப்பார். அவர் முணுமுணுப்பது கேட்காது. அவருடைய பொம்மையைத் தொட முடியாது. பத்து நிமிடத்துக்குள் ஜி.எம். எழுந்துவிடுவார். நீளப்பக்கத்தின் நடுவில் உட்கார்ந்து பாருங்கள். எதிர்ப்பக்கத்து மூலைகள்கூட நான்கடிக்குள் வந்துவிடும். மேப்பின் எந்த மூலைக்கும் கை போகும். இரு பக்கத்திலும் ஒட்டினாற்போல ஒருவர் இருப்பார், ஜி.எம். யார், ஆட்டக்காரர் யார் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. நிற்பதா உட்கார்வதா என்ற கேள்வியில் பாதியை நாற்காலி போடுகிற இடமே தீர்த்துவிடுகிறது.

சண்டைக் காட்சியில் மட்டும் இது கொஞ்சம் மாறும். ஒரு அங்குலக் கட்டத்துக்கு ஐந்தடி என்று கணக்கு வைத்த வினைல் மேப்பை விரித்து, மினியேச்சர்களை நிறுத்தி, யார் எங்கே நிற்கிறார்கள், அம்பு எட்டுமா, தூணுக்குப் பின்னால் மறைவு கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அப்போது ஆட்டக்காரர்களே எழுந்துவிடுவார்கள். மணல் மேசையின் ரத்தம் அந்த நேரத்தில் மேலே வருகிறது. நானும் எழுந்துவிடுவேன். எல்லோரும் நிற்கும்போது நான் நிற்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. எல்லோருடைய கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, எல்லோரும் மேப்பைப் பார்க்கிறார்கள். சண்டை முடிந்ததும் முதலில் உட்கார்கிறவன் நானாக இருப்பேன். நான் உட்கார்ந்தால் ஒவ்வொருவராக உட்கார்வார்கள். சண்டை முடிந்தது, இனிப் பேசலாம் என்று வாயால் அறிவிப்பதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

இதெல்லாம் கடையின் அமைதியான பின்னறைக்கு. ஜென் கானில் நிலைமையே வேறு. கைகாக்ஸ் 1968இல் லேக் ஜெனீவாவின் ஹார்ட்டிகல்ச்சுரல் ஹாலில் தொடங்கிய அந்த விளையாட்டு மாநாடு 2003 முதல் எங்கள் இந்தியானாபொலிஸில் நடக்கிறது. இப்போது 70,000 பேருக்கும் மேல் வருகிறார்கள். கன்வென்ஷன் சென்டரின் சாகமோர் பால்ரூமில் நான் பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்துக்கு மேசை நடத்தியிருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் மேசைகள், ஒவ்வொன்றிலும் ஆறேழு பேர். எல்லா மேசையிலும் யாரோ ஒருவர் அரக்கனைப்போலக் கத்திக்கொண்டிருப்பார். அங்கே நுழைந்த எந்த ஜி.எம்.முக்கும் எழுந்து நின்று தொண்டையைத் திறக்கத்தான் தோன்றும்.

எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதி வைத்தது ஒன்று உண்டு: சுற்றிச் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். அந்த பால்ரூமில் இதைக் காதால் பார்க்கலாம். ஒரு ஜி.எம். எழுந்து நின்று குரல் கொடுத்தால், அவருடைய ஆட்டக்காரர்களின் தலைக்கு மேலாக அது பக்கத்து மேசைக்குப் போகிறது. பக்கத்து மேசைக்காரர் தன் குரலை ஏற்றுகிறார். சிறிது நேரத்தில் அந்த வரிசை முழுவதும் கத்துகிறது, யாருக்கும் யார் சொல்வதும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, முன்னால் சாய்வேன். ஆறு பேரும் சாய்ந்து வருவார்கள். தலைகள் நெருங்கிவிடும். வாயும் காதும் ஒரே உயரத்தில், ஒன்றரையடி இரண்டடி தூரத்தில் இருக்கும்போது சாதாரணக் குரலே போதும். பல மணி நேரம் கழித்து அடுத்த மேசை நடத்தவும் தொண்டை மிச்சம் இருக்கும்.

வட்ட மேசை கிடைத்துவிட்டால் இதுவும் நடக்காது. ஹோட்டல் அறைகளில் விருந்துக்குப் போடுகிற ஆறடி விட்டமுள்ள மேசைகளைப் போட்டுவிடுவார்கள். நேர் எதிரில் இருப்பவர் ஓர் ஊர் தள்ளி இருப்பதுபோல இருப்பார். அப்போது நான் நடக்கிறேன். யாருடைய முறையோ அவருக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்கிறேன்.

இந்தக் குத்துக்காலிடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிற்பது, உட்கார்வது என்ற பேச்சில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மாநாட்டு மேசையிலும் முதல்முறை ஆட வந்தவர் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் நண்பரோ கணவரோ மகளோ கூட்டிவந்தவராக இருப்பார். பாத்திரத் தாளில் நெருக்கமாக எண்கள். எது எதற்கு என்று புரியாது. கேட்கவும் கூச்சம். மேசைக்குக் குறுக்கே நான் விளக்கினால் அவருடைய குழப்பத்தை எல்லோருக்கும் முன்னால் காட்டுகிறேன் என்று ஆகிவிடும். அவர் பின்னால் போய் நின்று தோளுக்கு மேலாக விரலை நீட்டினால், பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் வந்து நின்றதுபோல அவர் உடம்பு இறுகுவதைப் பார்க்கலாம். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், என் கண் அவர் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி குத்துக்காலிட்டு, “இந்த எண் மட்டும் போதும், மற்றதை மறந்துவிடுங்கள், உங்கள் ஆளுக்கு இப்போது என்ன செய்ய ஆசை?” என்று கேட்டால் பதில் வந்துவிடும். கீழேயிருந்து கேட்கிற கேள்விக்கு மனிதர்கள் பயப்படுவதில்லை. ஒரு நிமிடம்தான் ஆகும். மீதி நான்கு மணி நேரமும் அவர் தானாக ஆடுவார். சின்ன வயதிலிருந்தே கிணற்றடியிலும் திண்ணையடியிலும் குத்துக்காலிட்டுப் பழகிய உடம்பு எனக்கு. அமெரிக்க நண்பர்கள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்கிறார்கள். எப்படிச் செய்தாலும் சரி.

அப்படியானால் கதைக்காக எழுந்து நிற்பதே கூடாதா? கூடும், கட்டாயம் வேண்டும். டிராகன் தலையைத் தூக்கும்போது நான் எழுகிறேன். வாக்கியத்தின் தொடக்கத்தில் நாற்காலியிலிருந்து மெதுவாகக் கிளம்பி, வாக்கியம் முடிகிறபோது முழு உயரத்துக்கு வந்திருப்பேன். மேசையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டும். அந்த மாலை முழுவதும் நான் உட்கார்ந்திருந்தால்தான் இதற்குப் பலன் உண்டு. தொடர்ந்து நிற்கிற ஜி.எம்.முக்கு டிராகனுக்கென்று உயரம் மிச்சமிருக்காது.

பர்டூ பல்கலைக்கழகத்தில் படிக்கிற கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் விடுமுறை வார இறுதிகளில் எங்கள் மேசைக்கு வருவான். ஜி.எம். ஆக வேண்டும் என்று ஆசை, எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பான். ஒருநாள் நாற்காலிகளை மடக்கும்போது கேட்டான்: “ஏனுங்ணா, டிராகன் வரும்போது எந்திரிச்சீங்க. அப்புறம் எங்ககிட்ட ‘என்ன பண்றீங்க’ன்னு கேக்கறதுக்கு முன்னாடியே உக்காந்துட்டீங்களே, ஏனுங்?”

“நின்னுக்கிட்டுக் கேட்டா பதில் அவசரமா வரும், தம்பி. உக்காந்து கேட்டா யோசிப்பீங்க” என்றேன்.

அவன் அடுத்த வாரமே தன் விடுதி அறையில் நண்பர்களுக்கு நடத்திப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்றான். எழுந்து நிற்பதற்கு எனக்கு இருக்கிற ஒரே விதி இதுதான்: வருணனைக்கு எழலாம், கேள்விக்கு முன் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றபடி “என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்கும்போது அதில் ஒரு மிரட்டல் கலந்துவிடுகிறது. அருகில் இருப்பவர் முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் “வாளை உருவுகிறேன்” என்று. உட்கார்ந்து கேட்டால் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், டிராகனோடு பேசிப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள்.

உயரமான ஸ்டூல் வாங்கிக்கொள்ளச் சிலர் பரிந்துரைப்பார்கள். முதுகுக்கு நல்லது, சட்டென்று எழ வசதி. முதுகுக்கு நல்லதுதான். ஆனால் பார் ஸ்டூலில் உட்கார்ந்தவரின் கண் கிட்டத்தட்ட நிற்கிறவரின் கண் உயரத்தில் இருக்கும். அவருடைய கால்களுக்குத்தான் அது உட்கார்தல். எதிரே இருப்பவர்களுக்கு அவர் நிற்கிறார்.

கொரோனா ஆண்டில் இது எனக்கு இன்னும் தெளிவாகியது. 2020இல் ஜென் கான் நேரில் நடக்கவில்லை, கடையும் மூடியிருந்தது, ரோல்20 போன்ற தளங்களில் வீடியோவில் நடத்தினோம். எல்லோரும் சம அளவுச் சதுரங்களில் முகமாக மட்டும் இருந்தார்கள். நான் மேசையை உயர்த்திக்கொண்டு நின்றபடியே நடத்தினேன். நின்றால் மூச்சு அடிவயிறு வரை இறங்குகிறது, குரல் மூன்றாவது மணியிலும் தேய்வதில்லை. ஒருவருக்கும் நான் நிற்பது தெரியாது. நேரில் நின்றால் அறுகிற பேச்சு அங்கே அறவில்லை.

என் கட்சிக்கு எதிராக ஒருவர் இருக்கிறார், அவரை விட்டுவிட்டு எழுதினால் நியாயமாகாது. எங்கள் வட்டாரத்தில் என்னைவிட மூத்த ஜி.எம். ஒருவர் நாற்காலியே போட்டுக்கொள்வதில்லை. அவர் மேசையில் ஆட இடம் கிடைப்பது கஷ்டம். அவ்வளவு நன்றாக நடத்துவார். அவர் ஆட்டத்தில் நானும் ஆடியிருக்கிறேன், எப்படி முடிகிறது என்று பார்ப்பதற்காகவே. அவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை, சுற்றுகிறார். யார் பேச வேண்டுமோ அவருக்கு நேர் பின்னால் போய் நின்றுகொள்கிறார். மற்றவர்கள் ஜி.எம்.மைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கண்ணில் விழுவது அந்த ஆட்டக்காரரின் முகம். எதுவும் சொல்லாமல் பின்னால் ஓரடி நகர்ந்துவிடுவார், பேச்சு அந்த ஆட்டக்காரரிடமே நின்றுவிடும். உட்கார்ந்து நான் பெறுவதை அவர் நடந்து பெறுகிறார். அதற்கு வேண்டிய காதும் கால்களும் வேறு மாதிரியானவை. சுவரோரத்து மேசையில் அவரால் நடத்த முடியாது. சுற்றிவர வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் மேசையைத் தேர்ந்தெடுப்பார்.

பொது நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும்போது நானும் உட்கார்வதில்லை. அவர்களே உட்கார்வதில்லையே. ஓர்க்கு என்ற அரக்கன் செத்தால் குதிப்பார்கள், பகடை இருபது விழுந்தால் அறையைச் சுற்றி ஓடுவார்கள். ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டிய நேரம் வந்தால், நான் தரையிலேயே உட்கார்ந்துவிடுவேன். அவர்களும் தரையில் வட்டமாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

நான் மிகவும் மதிக்கிற ஜி.எம். ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர் நடத்துவது கால் ஆஃப் க்துல்ஹு, 1981இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட திகில் ஆட்டம், அதில் ஜி.எம்.முக்குக் கீப்பர் என்று பெயர். எழுந்து நிற்கிற கருவி அவரிடம் இல்லை. அதன் இடத்தில் அவர் தூரத்தை வைத்திருக்கிறார். ஆட்டக்காரர்கள் பழைய கடிதங்களையும் செய்தித்தாள் துண்டுகளையும் பரப்பிவைத்து யார் கொன்றது என்று அலசத் தொடங்கியதும், சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளி மேசையிலிருந்து மூன்றடி பின்னால் போய்விடுவார். கைகளை மடியில் போட்டுக்கொள்வார். அறையில் கீப்பர் இருப்பதே மறந்துபோகும். அவர்கள் சந்தேகங்களை அடுக்கி, தங்களுக்குள் பயத்தை ஏற்றிக்கொள்வார்கள். சரியான நேரத்தில் அவர் சக்கரத்தை உருட்டி முன்னால் வந்து, மேசை விளிம்பு நெஞ்சில் படுகிற அளவுக்கு நெருங்கி, மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று மெல்லிய குரலில் சொல்வார். நான் எழுந்து நின்று உண்டாக்கிய எந்த டிராகனும் அந்த அளவுக்கு யாரையும் நடுங்க வைத்ததில்லை.

அவரைப் பார்த்த பிறகு என் மேசையிலும் அதைச் செய்கிறேன். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் திட்டம் போடத் தொடங்கினால் நாற்காலியை இரண்டடி பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறேன். ஜி.எம்.மின் நாற்காலி எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் சில வாரங்களிலேயே படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பின்னால் இருந்தால் இது உங்கள் நேரம், முன்னால் வந்தால் உலகம் பேசப்போகிறது. கடையின் இரும்பு மடக்கு நாற்காலி சிமெண்டுத் தரையில் இழுபடும்போது கிறீச்சிட்டு அவர்கள் பேச்சைக் கலைத்தது. பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறி அதன் நான்கு கால்களிலும் செருகிவைத்திருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பையன் இப்போது தன் விடுதி நாற்காலிக்கும் பந்து தேடிக்கொண்டிருக்கிறான்.